உளிப்பிடியும் சங்கப் பணமும்

சென்ற ஆண்டு ஒரு சங்கத்தின் பழுதுபார்க்கும் பட்டறையைப் பார்வையிட நாம் சென்றிருந்தபோது, நிர்வாகக் குழுவின் பரிசீலனைக்கென எழுதி வைக்கப்பட்டிருந்த ஒரு தீர்மானம் கண்ணில் பட்டது. அளவுக்கு மிஞ்சி உடைந்த கார்பைடு முனைகளின் கிரயத்தை லேத் டர்னரின் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது என்பது அதன் சாரம். அங்கத்தினர்களின் விசைத்தறித் தண்டுகளும் கிணற்றுப் பம்புகளின் ஷாஃப்டுகளும் அந்த ஒரு லேத்தில்தான் கடையப்படுகின்றன. டர்னரோ அங்கு வெகுகாலமாகப் பணிபுரிபவர். தம் பக்கத்து நியாயத்தை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முனையைப் பற்றியிருக்கும் டூல் ஹோல்டரை, அதாவது உளிப்பிடியை, கழற்றிக் காட்டுமாறு கேட்டோம். திருகைத் தளர்த்தி முனையை எடுத்ததும் காரணம் விளங்கிற்று. முனைக்கு அடியில் இருக்க வேண்டிய ஷிம் என்னும் சிறு தகடு இரண்டாகப் பிளந்திருந்தது. பிளவில் இரும்புத் தூள் அடைந்திருந்தது. கார்பைடு மிகக் கடினமானது. ஆனால் எஃகைப் போல வளைந்து கொடுக்காது. அடித்தளம் சமமாக இராவிடில், வெட்டும் பாரம் ஏறியவுடன் அது நொறுங்கிப் போகும். கோப்பைப் புரட்டினால், ஷிம்மும் திருகும் வேண்டுமென்று டர்னர் இருமுறை எழுதிக் கேட்டிருக்கிறார். “பிடி நல்ல நிலையில் இருப்பதால் அவசியமில்லை” என்று இருமுறையும் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவரைக் குறை கூறுவதற்கில்லை. பிடியின் உட்புறத்தை அவர் பார்த்ததேயில்லை.

அதே பட்டறையின் அலமாரியில் எண்ணெய்க் காகிதம்கூடப் பிரிக்கப்படாத இரண்டு பிடிகள் கிடந்தன. அவை 25 மில்லிமீட்டர் உயரமுள்ளவை. அந்த லேத்தின் டூல் போஸ்டில் பிடி அமரும் தளத்திலிருந்து மைய உயரம் வரை 22 மில்லிமீட்டர்தான். தற்காலப் பிடிகளில் முனையின் உயரமும் தண்டின் உயரமும் ஒன்றாகவே அமைக்கப்படுவது வழக்கம். ஆகவே 20 மில்லிமீட்டர் பிடியானால் அடியில் 2 மில்லிமீட்டர் தகடு வைத்து மையத்துக்கு உயர்த்தலாம். 25 மில்லிமீட்டர் பிடியை இறக்குவதற்கு வழியில்லை. அடிப்புறத்தைச் செதுக்கிக் குறைக்கலாமே என்பர் சிலர். குறைக்கலாம்தான், புதுச் செருப்பு வாங்கிக் காலுக்கேற்ப அறுப்பது போன்ற காரியம் அது. விலைப்புள்ளி கேட்ட கடிதத்தில் “டூல் ஹோல்டர் – 2” என்று மட்டுமே எழுதியிருந்தார்கள்.

பிடியின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் குறியீட்டையே அக்கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். உதாரணமாக, பி சி எல் என் ஆர் 2020 கே 12 என்பதை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்து முனையைப் பற்றும் முறையையும், இரண்டாவது முனையின் வடிவத்தையும் காட்டும். சி என்பது 80 பாகை சாய்சதுரம். எல் என்பது வெட்டு விளிம்பு 95 பாகையில் நிற்பதைக் குறிக்கும். ஆர் வலக்கைப் பிடி. 2020 தண்டின் உயரமும் அகலமும். கே என்றால் 125 மில்லிமீட்டர் நீளம். 12 முனையின் விளிம்பு அளவு. நடுவிலுள்ள என் என்ற எழுத்தில்தான் கணக்குப் பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். அது முனையின் பக்கங்களில் சாய்வு கிடையாது என்பதைச் சொல்கிறது. அத்தகைய முனையைப் புரட்டிப் போட்டு இரு முகங்களிலுமாக நான்கு மூலைகளைப் பயன்படுத்தலாம். என் இருக்குமிடத்தில் சி இருந்தால் 7 பாகைச் சாய்வு. இரண்டு மூலைகளே கிடைக்கும். நான்கு மூலை லாபமென்று காகிதத்தில் தோன்றும். ஆனால் அது அழுத்தி வெட்டுவது. கனத்த லேத்தும் வலுவான மோட்டாரும் கேட்பது. சிறு லேத்தில் அதிர்வு எழுந்து, கடைந்த பரப்பில் வரி வரியாக விழும். அங்கே எஸ் சி எல் சி ஆர் 1616 எச் 09 போன்ற, திருகினால் முனையைப் பற்றும் சிறு பிடியே சிக்கனம் என்பது நமது அபிப்பிராயம். ஒரே வகை முனை ஏற்கும் பிடிகளாக வாங்கினால் இருப்பும் குறையும். வேகம் குறைந்த பழைய லேத்துகளில் சாணை பிடித்த ஹைஸ்பீடு உளி இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. அதைத் தூக்கியெறிய வேண்டியதில்லை.

பிடி டூல் போஸ்டிலிருந்து எவ்வளவு வெளியே நீள்கிறது என்பதையும் கவனித்தல் வேண்டும். நீட்சி இரு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். உட்துளை கடையும் எஃகுப் பிடியை அதன் விட்டத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேல் நீட்டாதிருப்பது நலம்.

மைய உயரத்தைச் சோதிக்க, லேத்தை நிறுத்தி, உருண்டைக் கம்பிக்கும் முனைக்கும் இடையே ஆறு அங்குல எஃகு அளவுகோலை நிறுத்தி மெல்ல அழுத்த வேண்டும். கோல் செங்குத்தாக நின்றால் உயரம் சரி. அதன் தலை நம்மை நோக்கிச் சாய்ந்தால் முனை தாழ்ந்திருக்கிறது. எதிர்ப்புறம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. முனையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் இருக்கையைத் தூரிகையால் துடைக்க வேண்டும். காற்றுக் குழாயால் ஊதினால் சுருள் கண்ணில் தெறிக்கும். சாவியில் குழாய் செருகி முறுக்கக் கூடாது. தலை தேய்ந்த திருகை உடனே மாற்ற வேண்டும். டூல் போஸ்டின் போல்டுகள் அழுத்திய இடத்தில் தண்டின் ஓரம் பிசிறு தட்டி நிற்கும். அரத்தால் அதை நீக்காவிடில் பிடி தளத்தில் படியாது. வேலை முடிந்தபின் எண்ணெய் தடவித் தனித்தனியே வைக்க வேண்டும். பல பட்டறைகளில் பிடிகளையெல்லாம் ஒரே டப்பாவில் குவித்திருப்பதைக் கண்டிருக்கிறோம்.

மறுமாதக் கூட்டத்துக்கு முன் காரியதரிசி அந்தப் பிளந்த ஷிம்மை ஒரு காகிதத்தில் மடித்து மேஜைமேல் வைத்தார். உறுப்பினர்கள் கையில் வாங்கிப் பார்த்தனர். தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படவில்லை, அதற்குப் பதிலாக ஷிம் பத்தும் திருகு பத்தும் வாங்க அனுமதி வழங்கப்பட்டது. அந்த 25 மில்லிமீட்டர் பிடிகள் இரண்டும், வேறு சங்கம் ஏதேனும் கேட்டால் கொடுப்பதென, இன்னும் அலமாரியிலேயே இருக்கின்றன.