தபாலில் வரும் சமூகவியல்

சமூகத்தைப் பற்றிய சாஸ்திரத்தை, ஆசிரியர் முகமும் சக மாணவர் குரலும் இன்றி, தபாலில் வந்த பாடநூலை மட்டும் துணையாகக் கொண்டு ஒருவர் கற்றுவிட முடியுமா என்ற சந்தேகம் எழுவது இயல்பே. ரசாயனத்துக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். சங்கீதத்துக்குக் குரு வேண்டும். ஆனால் சமூகவியலுக்கு வேண்டிய ஆய்வுப் பொருளோ, படிப்பவர் தினந்தோறும் புழங்கும் குடும்பத்திலும் அலுவலகத்திலும் தெருவிலும் நிறைந்து கிடப்பதால், தொலைநிலைக் கல்வி இந்தப் பாடத்துக்குப் பொருந்துவதுபோல் வேறு பாடங்களுக்குப் பொருந்துவது அரிது என்பதே என் அபிப்பிராயம்.

1962இல் டில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்த அஞ்சல்வழிக் கல்வி, 1985இல் நிறுவப்பெற்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகத் தேசம் முழுவதும் விரிந்தது. அங்கே சமூகவியல் அறிமுகப் பாடம் 6 கிரெடிட் கொண்டது. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது கணக்காகையால், தினம் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறவருக்கு ஏறக்குறைய ஆறு மாத வேலை. இடையிடையே வினாக்கள் தொடுத்து, அலகு அலகாகப் பாடநூல் எழுதப்பட்டிருக்கும். மதிப்பெண்ணில் 30 சதவீதம் அசைன்மெண்டுக்கு. எஞ்சிய 70 சதவீதம் ஜூனிலோ டிசம்பரிலோ எழுதும் தேர்வுக்கு. மூன்றாண்டுப் பட்டத்தை ஆறாண்டு வரை நிதானமாக முடிக்கலாம் என்ற சலுகை, குழந்தையைத் தூங்கவைத்த பிறகே புத்தகத்தைத் திறக்க முடிகிற தாய்மாருக்குப் பேருபகாரம். எனினும் கெடு தூரத்தில் இருப்பதாலேயே படிப்பைத் தள்ளிப் போட்டுக் கைவிடுகிறவர்களும் உண்டு.

பாடத்தின் சாரத்துக்கு வருவோம். மனிதனுடைய அந்தரங்கத் துயரத்தின் எல்லையான தற்கொலையை எடுத்துக்கொண்டு, அதன் விகிதம் கத்தோலிக்கரைவிடப் புராட்டஸ்டண்டு மதத்தினரிடையிலும், மணமானவரைவிட மணமாகாதவரிடையிலும் மிகுதியாக இருப்பதைப் புள்ளிவிவரங்களால் காட்டி, தனிமனிதனைச் சமூகம் எவ்வளவு இறுகப் பிணைத்திருக்கிறது என்பதில் அதன் காரணத்தைத் தேடினார், பிரான்ஸ் தேசத்து எமில் துர்க்கைம். அவருடைய நூல் 1897இல் வெளிவந்தது. நம்முடையவை என்று நாம் நம்பும் விருப்பு வெறுப்புகளில் எத்தனை நமக்கு வெளியிலிருந்து வந்தவை என்ற கேள்வியை ஒருமுறை கேட்டுவிட்டவருக்கு, பெண் பார்க்கும் சடங்கும் பந்தியில் உட்காரும் வரிசையும் முன்போல் சாதாரண விஷயங்களாகத் தோன்றமாட்டா.

நம் நாட்டு உதாரணங்களோ இன்னும் நெருக்கமானவை. ஒரு ஜாதியார் மாமிசமும் மதுவும் விலக்கி, மேல்ஜாதியாரின் ஆசாரங்களை மேற்கொண்டு சமூகப் படிநிலையில் உயர முயல்வதை எம். என். ஸ்ரீநிவாஸ் 1952இல் வெளியிட்ட குடகர் பற்றிய நூலில் விளக்கினார். தஞ்சை ஜில்லாவில் ஒரு கிராமத்தின் அக்கிரகாரத்தில் தங்கி ஆராய்ந்த ஆந்த்ரே பெத்தேய், அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயரிட்டு 1965இல் எழுதிய நூலில், ஒருகாலத்தில் ஒரே கையில் குவிந்திருந்த ஜாதி அந்தஸ்தும் நிலவுடைமையும் அதிகாரமும் பிரிந்து போவதை எடுத்துக்காட்டினார். காவிரிக்கரை ஊரில் பிறந்த மாணவர் இதைப் படிக்கும்போது, தம் தாத்தா காலத்துப் பஞ்சாயத்தையும் இன்றைய பஞ்சாயத்தையும் மனத்தில் ஒப்பிட்டுப் பாராமல் இருக்க முடியுமோ?

ஆனால் இந்த நெருக்கமே இடையூறும் ஆகும். பிறந்தது முதல் பார்த்துப் பழகியதை நியாயம் என்றே கொள்ளும் மனம், அதை ஆராயத் தகுந்த விஷயமாகக் காண மறுக்கிறது. ஆகையால் அசைன்மெண்ட் எழுதுகிறவர், தம் தெருவில் யார் யார் வீட்டுக்குள் வரை வருகிறார்கள், யார் திண்ணையோடு நிற்கிறார்கள் என்று கண்டதை முதலில் குறித்துக்கொண்டு, அபிப்பிராயத்தைப் பின்னால் எழுதுவது நலம். சந்தையில் விற்கும் விடைப் புத்தகத்தைப் பார்த்துப் பிரதி செய்கிறவர் அந்த 30 சதவீதத்தைப் பெறக்கூடும், பாடத்தைப் பெறமாட்டார்.

தனியே கண்டதை மறுத்துப் பேசவும் ஒருவர் வேண்டும். கல்வி மையங்களில் நடக்கும் ஆலோசனை வகுப்புகளுக்குச் செல்வது இத்தகைய பாடத்துக்குப் பெரும்பாலும் கட்டாயமில்லை என்பதால் பலர் அவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். வரதட்சிணை ஏன் ஒழியவில்லை என்ற கேள்வியைப் பாங்க் குமாஸ்தாவும் போலீஸ்காரரும் மகளுக்கு வரன் தேடும் தாயும் ஒரே பெஞ்சில் அமர்ந்து வாதிக்கக்கூடிய இடம் அது. தூரம் கருதி அந்த வகுப்புகள் எல்லாவற்றுக்கும் போக இயலாதவர், சிலவற்றுக்கேனும் பிரயாசைப்பட்டுப் போய்வர வேண்டும்.