சாலையில் திரியும் குதிரைக்கு உரிமையாளர் உண்டு

உதகையில் சவாரிக்குப் பயன்படும் குதிரைகள் வேலை முடிந்ததும் அவிழ்த்து விடப்படுகின்றன. நொண்டத் தொடங்கியவையும் அப்படியே சாலைக்கு வந்துவிடுகின்றன. குப்பைத் தொட்டியில் வாய் வைக்கும் குதிரைக்கு ஒருவர் ரொட்டி போடுகிறார், இன்னொருவர் வீடியோ எடுத்துப் பரப்புகிறார். புகார் எழுதுவோர் அரிது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒவ்வாத தீனியும் பிளாஸ்டிக்கும் குடலை அடைத்தால் உயிர் போகும். தயவுசெய்து ரொட்டி போடாதீர்கள்.

சுதந்திரமாக மேய்கிறதே, என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல புல்லும் தண்ணீரும் கூட்டமும் கிடைத்தால், கட்டிப்போட்ட குதிரையைவிடத் திரியும் குதிரை நலமாகவே இருக்கலாம். ஆனால் அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், ஊகித்து அல்ல. உடல் நிலைக்குக் கால்நடை மருத்துவர்கள் ஹென்னிகே அளவுகோலில் 1 முதல் 9 வரை மதிப்பெண் தருகிறார்கள். 1 என்றால் எலும்பும் தோலும், 5 நடுத்தரம், 9 மிதமிஞ்சிய கொழுப்பு. மலைக்குளிரில் அடர்ந்து வளரும் ரோமம் விலாவை மறைத்துவிடும். அதனால் உதைக்கு எட்டாத தூரத்தில் நின்று முதுகெலும்பு, இடுப்பெலும்பு, வாலின் அடிப்பகுதி துருத்துகின்றனவா என்று பாருங்கள். சதைப்பிடிப்பு இருந்தாலே நலம் என்றும் முடிவுகட்ட முடியாது: நடக்கையில் தலை ஏறி இறங்குகிறதா, குளம்பு நீண்டு வளைந்திருக்கிறதா, சேணம் உரசிய புண் இருக்கிறதா, கூட்டத்தைவிட்டு ஒதுங்கி நிற்கிறதா? ஒருநாள் பார்வை ஏமாற்றும்; சில நாள் கழித்து மறுபடி பாருங்கள். மூக்கில் கெட்டிச் சளியும் தோலில் கட்டிகளும் இருந்தால் கிளாண்டர்ஸாக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றும் நோய் அது; தொடாமல் உடனே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் 11ஆம் பிரிவுப்படி, உரிமையாளர் போதிய தீனியும் நீரும் தராததும், பட்டினி கிடக்கும்படி கைவிடுவதும், நோயுற்ற விலங்கைத் தெருவில் சாக விடுவதும் குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் வெறும் 10 முதல் 50 ரூபாய்! இந்த வெட்கக்கேட்டைக் காட்டி, புகார் கொடுத்து என்ன பயன் என்கிறார்கள். பயன் உண்டு. வேண்டுமென்றே கொன்றாலோ முடமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை. முன்பே எழுதிவைத்த புகார்கள் அங்கே துணைநிற்கும். குதிரை அடிபட்டுக் கிடந்தால் முதலில் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குப் போன் செய்யுங்கள். பிறகு தேதி, நேரம், இடம், குதிரையின் நிறம், நெற்றி வெள்ளை, கால் அடையாளம், கண்ட குறைகள் எல்லாவற்றையும் எழுதி, பக்கவாட்டிலும் பின்புறமும் எடுத்த படங்களோடு காவல் நிலையத்தில் கொடுங்கள். நகராட்சி ஆணையருக்கும் கால்நடை பராமரிப்புத் துறைக்கும் நகல் அனுப்புங்கள். பட்டினி போட்ட புகாருக்கு நீதிமன்ற உத்தரவில்லாமல் எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று போலீசார் சொன்னால், அது சரிதான்; ஆனால் அதைச் சொல்லித் திருப்பி அனுப்புவது சரியல்ல. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் நகராதீர்கள். தேதியையும் மறவாதீர்கள்: குற்றம் நடந்து மூன்று மாதம் தாண்டினால் 1960 சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி வழக்கே தொடுக்க முடியாது.