ஐந்து ஸ்டாம்பு போதும்

தபால்காரர் இன்றும் தெருவுக்கு வருகிறார். ஆதார் அட்டை, ஏ.டி.எம். கார்டு, பாஸ்போர்ட் எல்லாம் அவர் கையால்தான் வீட்டுக்கு வருகின்றன. அந்த உறைகளில் ஸ்டாம்பு இருப்பதில்லை. பார்கோடு அச்சடித்த ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். பிள்ளைகளிடம் ஸ்டாம்பு சேர்க்கும் பழக்கம் போய்விட்டது என்றதும் செல்போனைத் திட்டுகிறோம். பாதி நியாயம்தான் அது. முப்பது, நாற்பது வருடம் முன்பு எந்தப் பிள்ளையும் ஸ்டாம்பைத் தேடி அலையவில்லை. துபாயிலிருந்து சித்தப்பா போட்ட கடிதத்தோடும், மலேசியாவிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையோடும் அது தானாக வீட்டுக்குள் வந்தது. இன்றைக்குப் பெரியவர்கள் கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு.

எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் கோளாறு. "பத்திரமா வெச்சுக்கோ, பின்னால லட்சக்கணக்குல விலை போகும்" என்று ஆசை காட்டுகிறவர்கள் அதிகம். விலை என்று வந்தால் எல்லோரும் சொல்வது பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் ஸ்டாம்பு. லண்டனிலிருந்து வரவேண்டிய சரக்கு தாமதமானதால், 1856-ல் ஜார்ஜ்டவுனில் ஒரு பத்திரிகை அச்சகத்திலேயே அவசரமாக அடித்தது. உலகில் இன்று ஒன்றே ஒன்றுதான் இருப்பதாக ஏற்கப்பட்டிருக்கிறது. 2021-ல் 80 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அதை 1873-ல் வீட்டுக் காகிதங்களுக்கு நடுவே கண்டெடுத்தவன் லூயிஸ் வான் என்ற 12 வயதுப் பையன். ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். பார்க்க லட்சணமாக இல்லை, அந்தக் காசில் அழகான ஸ்டாம்புகள் வாங்கலாம் என்பது அவன் கணக்கு. ஏமாளி என்று அவனைச் சிரிக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஸ்டாம்பைப் பார்ப்பதற்காகவே சேர்த்தவன் அவன்தான். நம் பிள்ளைகள் தபால் நிலையத்தில் வாங்கும் நினைவு ஸ்டாம்புகள் லட்சக்கணக்கில் அச்சாகின்றன. அவற்றால் யாரும் பணக்காரர் ஆகப்போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இன்னொரு கோளாறு, மொத்தமாக வாங்கிக் கொடுப்பது. "உலக நாடுகள் 100" என்று பாக்கெட் விற்கும். அதில் அஜ்மான், ஃபுஜைரா என்று ராக்கெட்டும் பூனையும் பட்டாம்பூச்சியும் பளபளக்கும். ஐக்கிய அரபு அமீரகம் உருவாகும் முன், அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும், அந்தச் சிறு நாடுகள் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் விற்பதற்கென்றே அடித்துத் தள்ளியவை அவை. பலவற்றில் முத்திரைகூட அச்சகத்திலேயே குத்தியாகிவிட்டது. கடிதம் எதையும் சுமக்காத ஸ்டாம்புகள்! பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு மூடி வைத்துவிடும். ஓர் ஆண்டின் எல்லா ஸ்டாம்புகளையும் ஒரே தொகுப்பாக வாங்கித் தந்தாலும் இதே கதைதான். தேடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லையே.

ஐந்தே ஐந்து ஸ்டாம்பை வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள். பாரதியார், 1960. வ.உ.சி., 1972. பெரியார், 1978. எம்.ஜி.ஆர்., 1990. கணிதமேதை ராமானுஜன், 2011. ஸ்டாம்பு வியாபாரிகளிடம் கிடைக்கக்கூடியவைதான். அரிய பொருள் எதுவும் இதில் இல்லை. ஆண்டு வரிசையில் வைத்து விலையை மட்டும் படிக்கச் சொல்லுங்கள்: 15, 20, 25, 60 பைசா, அப்புறம் ஒரே தாவலில் 5 ரூபாய். உள்நாட்டுக்குள் ஒரு சாதாரணக் கடிதம் போட அந்தந்தக் காலத்தில் ஆன செலவு இது. விலைவாசி என்று பாடப்புத்தகம் சொல்வது ஐந்து முகங்களில் தெரிகிறது. பாரதியார் ஸ்டாம்பில் இருப்பது வெறும் பைசா இல்லை, நயா பைசா. 1957 ஏப்ரலில் அணாக் கணக்கு மாறி ரூபாய்க்கு நூறு பைசா ஆனபோது, பழைய பைசாவோடு குழம்பாமலிருக்க வைத்த பெயர். 1964-ல் 'நயா' உதிர்ந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை, ஆண்டு தெரியாத ஒரு ஸ்டாம்பைப் பார்த்தாலும் அது எந்தக் காலத்தது என்று சொல்லிவிடும். அடுத்து கேள்விகள் வரும். பெரியார் பிறந்தது 1879. ஸ்டாம்பு ஏன் 1978-ல்? ராமானுஜனுக்கு 1962-லும் ஒன்று வந்திருக்கிறதே, அது என்ன விலை? பதிலை நாம் சொல்லிவிடக் கூடாது. அந்த 1962 ஸ்டாம்பைத் தேடிக் கிளம்பிவிட்டால் பிள்ளை சேகரிப்பாளர் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

பாரதியும் பெரியாரும் வேண்டாம், ரயில்தான் பிடிக்கும், பாம்புதான் பிடிக்கும் என்றால் அதையே சேர்க்கட்டும். வாசனைக்கும் ஸ்டாம்பு உண்டு: 2006-ல் சந்தனம், 2007-ல் ரோஜா, 2008-ல் மல்லிகை என்று மணக்க மணக்க நம் அஞ்சல் துறையே வெளியிட்டது.

சாமான் அதிகம் வேண்டாம். ஓர் ஆல்பம், முனை மழுங்கிய இடுக்கி, ஒரு லென்ஸ். உறையில் ஒட்டியிருந்தால் சுற்றி வெட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, தானாகக் கழன்ற பின் வெள்ளைத் தாளில் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். பிய்க்கக் கூடாது. கோந்து தடவி ஒட்டினால் அந்த ஸ்டாம்பு தீர்ந்தது.

புதிய வெளியீடுகளுக்கு, சென்னை அண்ணா சாலை தலைமை அஞ்சலகம் போன்ற இடங்களில் ஃபிலாட்டலி பீரோ இருக்கிறது. 200 ரூபாய் கட்டி டெபாசிட் கணக்கு தொடங்கினால் வீட்டுக்கே அனுப்புவார்கள். அந்தக் கணக்கு இருந்தால், அல்லது பள்ளியின் ஃபிலாட்டலி கிளப்பில் உறுப்பினராக இருந்தால், 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை படிக்கிறவர்கள் 2017-ல் தொடங்கிய தீனதயாள் ஸ்பர்ஷ் உதவித்தொகைக்குப் போட்டியிடலாம். படிப்பில் 60 சதவீத மதிப்பெண் வேண்டும். முதலில் வினாடி வினா, பிறகு ஒரு புராஜெக்ட். தேர்வானால் ஆண்டுக்கு 6,000 ரூபாய். நல்ல திட்டம், ஆனால் விண்ணப்பத் தேதி நெருங்கும்போது மட்டும் கிளப் நடத்தி, புராஜெக்டை அப்பா அம்மாவே செய்து கொடுப்பதானால், அந்தப் பணம் வந்தும் பயனில்லை. அந்த புராஜெக்டுக்கு ஸ்டாம்பு 16-க்கு மேல் கூடாது என்பது விதி. நிறைய வைத்திருப்பவர் பக்கம் சாயாத விதி. பள்ளி ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

பிள்ளைக்கு வரும் முதல் ஸ்டாம்பு அதன் பெயருக்கே வரட்டும். வெளியூரில் இருக்கும் தாத்தா, பாட்டி, அத்தை, மாமா யாராவது ஒரு கடிதம் எழுதுங்கள். கவுன்டரில் பார்கோடு துண்டை நீட்டினால், "ஸ்டாம்பாவே குடுங்க சார், படம் போட்டது இருந்தா நல்லது" என்று கேட்டு வாங்கி ஒட்டுங்கள். முத்திரையை ஓரத்தில், தெளிவாகக் குத்தித் தரவும் சொல்லுங்கள்.