மண்மாரியும் பனிமலையும்

திருச்சிராப்பள்ளியின் மேற்கே அமைந்த உறையூர் ஒரு காலத்தில் சோழ மன்னர்களின் தலைநகராய் விளங்கியது. அந்நகரம் அழிந்த கதையை அவ்வூர்ப் பாட்டிமார் இன்றும் சொல்வதுண்டு. முனிவர் ஒருவர் சிவபெருமானுக்கென்று நந்தவனம் வளர்த்தார். அதன் மலர்கள் களவு போய் அரண்மனையை அடைந்தன. முனிவர் முறையிட்டார், அரசன் செவி சாய்க்கவில்லை. மலைக்கோட்டையில் கிழக்கு நோக்கியிருந்த தாயுமானவர் மேற்கே திரும்பி உறையூரைப் பார்த்தார். உடனே வானத்திலிருந்து மண் மாரியாகப் பெய்தது, ஊர் புதைந்தது. ஜனங்கள் வெக்காளியம்மனிடம் ஓடிச் சரணடைந்தனர். வீடிழந்த அம்மக்களை எண்ணியே அன்னை இன்றளவும் தன் சந்நிதிக்குக் கூரை வேண்டாமென்று வெயிலிலும் மழையிலும் வீற்றிருக்கிறாள் என்பது பக்தர்களின் நம்பிக்கை.

வானத்திலிருந்து மண் பெய்யுமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். உறையூர்க் கதையின் உண்மையை ஆராய்வது இங்கு நம் நோக்கமன்று. ஆனால், மண்மாரியை மனிதர்கள் கண்ணாரக் கண்ட தேசங்கள் உலகில் உண்டு. அவற்றுள் ஒன்று வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஐஸ்லாந்து.

நமது இமயமலையில் பனியாறுகள் பல இருக்கின்றன. அவற்றின் அடியில் எரிமலை இல்லை. அந்தமான் கடலில், போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோ மீட்டர் தூரத்தில், பாரன் தீவில் எரிமலை இருக்கிறது. சுமார் ஒன்றரை நூற்றாண்டு உறங்கிவிட்டு 1991-இல் மறுபடியும் கண் விழித்தது. ஆனால் அதன் தலையில் பனி இல்லை. நெருப்பும் பனியும் ஒரே வீட்டில் குடித்தனம் செய்யும் விந்தையைக் காண விரும்பியே நாம் ஐஸ்லாந்துக்குப் பிரயாணமானோம்.

தலைநகரான ரெய்க்யவிக்கிலிருந்து தென்கரையோரமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் மோட்டாரில் சென்றால் ‘சோல்ஹெய்மயோகுல்’ என்னும் பனியாற்றை அடையலாம். ‘யோகுல்’ என்றால் அவர்கள் பாஷையில் பனியாறு என்று பொருள். மேலே பரந்து கிடக்கும் மீர்தால்ஸ்யோகுல் என்ற பெரும் பனிப்பரப்பு பள்ளத்தாக்கில் நீட்டியிருக்கும் நாக்கு இது. பூட்சுகளின் அடியில் இரும்பு முட்களைக் கட்டிக்கொண்டு, கையில் பனிக்கோடரியுடன், வழிகாட்டியின் அடிச்சுவட்டிலேயே கால் வைத்து ஏறினோம். வெள்ளை வெளேரென்று இருக்குமென எண்ணிச் சென்ற நமக்கு முதலில் தென்பட்டது கறுப்புத்தான்! பனியின் மேலெல்லாம் கரி பூசினாற்போல் எரிமலைச் சாம்பல். பிளவுகளுக்குள் எட்டிப் பார்த்தால் நீலக் கண்ணாடி போன்ற பனி. அதன் நடுவே கறுப்புக் கோடுகள். ஒவ்வொரு கோடும் என்றோ பெய்த ஒரு மண்மாரியின் தழும்பு. பனிக்கடியிலிருந்து புறப்படும் ஆற்றில் சில சமயம் கந்தக நாற்றம் வீசும். அதனாலேயே முன்னோர் அதற்கு ‘நாறும் ஓடை’ என்று பெயரிட்டிருந்தனர்.

நாற்றத்துக்குக் காரணம், பெரும் பனிப்பரப்பின் அடியில் படுத்திருக்கும் கட்லா என்னும் எரிமலை. அதன் வாய் சுமார் பத்துக் கிலோ மீட்டர் அகலம். அதை மூடியிருக்கும் பனியின் கனம் சில இடங்களில் 700 மீட்டர். நம் மலைக்கோட்டைப் பாறையைப் போல் எட்டுப் பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்த உயரம் வராது!

கட்லா கடைசியாகப் பனியைப் பிளந்துகொண்டு பொங்கியது 1918-ஆம் வருஷம் அக்டோபர் 12-ஆம் தேதி. நெருப்புக் குழம்பு பட்டதும் பனி உருகியது. நீர் நீராவியாகி வெடித்தது. வெடித்த வேகத்தில் குழம்பு பொடிப் பொடியாகி வானளாவ எழுந்து சாம்பலாகப் பொழிந்தது. உருகிய வெள்ளமோ பனிக்கட்டிகளையும் மணலையும் சுமந்துகொண்டு சமவெளியில் பாய்ந்தது. உச்சத்தில் விநாடிக்கு மூன்று லட்சம் கன மீட்டர், அதாவது நம் கணக்கில் ஒரு கோடி கன அடிக்கு மேல், ஓடியிருக்கும் என்று விஞ்ஞானிகள் மதிப்பிடுகின்றனர். 2018 ஆகஸ்டில் காவிரியில் வந்த வெள்ளம் இரண்டு லட்சம் கன அடியளவுதான். அதற்கே முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்தன. கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்துத் தூண்கள் சரிந்தன என்பதை நினைத்தால் கட்லாவின் கோபம் விளங்கும்.

அந்நாட்டாரும் இதற்கு ஒரு கதை வைத்திருக்கின்றனர். மடாலயம் ஒன்றில் கட்லா என்ற சமையற்காரி இருந்தாள். களைப்பே இல்லாமல் ஓடவைக்கும் மாயக் கால்சட்டை ஒன்று அவளிடம் இருந்தது. அதைக் கேளாமல் அணிந்து சென்ற ஆட்டிடையனைக் கொன்று, மோர்த்தெளிவு நிறைந்த பீப்பாயில் மறைத்தாள். குளிர்காலம் முழுதும் அதை மொண்டு மொண்டு பீப்பாய் வற்றவே, குற்றம் வெளிப்படுமென்று அஞ்சிப் பனிமலைப் பிளவில் குதித்தாள். உடனே வெள்ளம் பொங்கியது. உறையூரில் மலர், அங்கே கால்சட்டை. பேரிடருக்குப் பின்னால் ஓர் அநீதியைத் தேடுவது எத்தேசத்து மனிதர்க்கும் பொதுவான குணம் போலும்!

ஆனால் ஐஸ்லாந்துக்காரர் கதையோடு நின்றுவிடவில்லை. மலையைச் சுற்றிலும் நில அதிர்ச்சியை அளக்கும் கருவிகளை வைத்து இரவும் பகலும் கவனிக்கின்றனர். ஆற்று நீரின் தன்மை மாறுகிறதா என்றும் பார்க்கின்றனர். அடிவாரத்திலுள்ள வீக் என்ற கிராமத்தில் மாதா கோயில் குன்றின்மேல் இருக்கிறது. எச்சரிக்கை வந்தால் பள்ளத்தில் வசிப்போர் அங்கே ஏறிவிட வேண்டும். 2010-இல் பக்கத்துப் பனிமலை பொங்கியபோது, சாம்பலால் ஐரோப்பாவின் விமானங்களெல்லாம் பல நாள் முடங்கின. அடிவாரத்தில் சுமார் எண்ணூறு பேர் முன்னதாகவே வெளியேற்றப்பட்டனர்.

தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டில் நடந்ததோ வேறு. 1985 நவம்பர் 13-ஆம் தேதி இரவு, பனி மூடிய நெவாடோ டெல் ரூயிஸ் என்ற எரிமலை வெடித்தது. எவ்வெவ்விடங்கள் ஆபத்துக்குள்ளாகும் என்று காட்டும் படம் ஒரு மாதத்துக்கு முன்பே தயாராயிருந்தது. சேற்று வெள்ளம் அர்மேரோ நகரை அடைய இரண்டரை மணி நேரம் பிடித்தது. அந்த அவகாசத்தில் மேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம். போகச் சொல்வார் இல்லை. சுமார் 23,000 பேர் மாண்டனர்.

குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை, வானம் வெளுத்திருக்கும் நாளில் ஸ்ரீரங்கத்துப் படித்துறையை மூழ்கடிப்பதைக் கண்டவர்கள் நாம். தொலைவில் பிறக்கும் ஆபத்து நமக்குப் புதிதன்று. உறையூர்க் கதையில் அரசன் செய்த பெரும் பிழை மலரைப் பெற்றதைவிட, முறையீட்டைக் கேளாமல் இருந்ததே என்று நமக்குத் தோன்றுகிறது. மலையின் முறையீட்டைக் கேட்கக் கருவிகள் வந்துவிட்டன. அவை சொல்வதை ஊராரிடம் தாமதமின்றிச் சொல்வதும், சொன்னவுடன் எழுந்து நடப்பதுமே இனி வேண்டுவது.