ரோட்டுக்கு இந்தப் பக்கம் காலிக் குடம், அந்தப் பக்கம் கோலா ஆலை!

செனகல் தலைநகர் டாக்கரின் பகட்டுக் கட்டடங்களையும், அவற்றின் நிழலில் பிழைக்கும் எளிய மனிதர்களையும் அருகருகே காட்டி, ஜிப்ரில் தியோப் மாம்பெத்தி என்ற இளைஞர் 1960களின் இறுதியில் ஒரு குறும்படம் எடுத்தார். அதுதான் அவருடைய முதல் படம், தெரியுமா?

அதே மாதிரி ஒரு படம் நம் பொள்ளாச்சிக்குப் பக்கத்திலேயே பிறந்திருக்கிறதே, அது தெரியுமா? கோவிந்தாபுரம் எல்லையைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டம், பெருமாட்டி பஞ்சாயத்து, பிளாச்சிமடை! பி. பாபுராஜும் சி. சரத்சந்திரனும் எடுத்த அந்த ஆவணப்படத்தின் பெயர் ‘ஆயிரம் நாட்களும் ஒரு கனவும்’ (2006).

ரோட்டுக்கு ஒரு பக்கம், 2000இல் தொடங்கிய கோகோ கோலா ஆலை. தினமும் லட்சக்கணக்கான லிட்டர் நிலத்தடி நீரை உறிஞ்சியது. எதிர்ப் பக்கம், ஆதிவாசிகளின் போராட்டப் பந்தல். அதில் உட்கார்ந்திருந்த பெண்களின் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருந்தது. வாயில் வைக்கத்தான் முடியவில்லை. அந்தத் தண்ணீரில் சோறு பொங்கினால் மஞ்சளாகிவிடும், சீக்கிரமே கெட்டுவிடும் என்றார்கள் அந்தப் பெண்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் நடந்தார்கள்!

இன்னொன்று கேளுங்கள். ஆலைக் கழிவை ‘உரம்’ என்று சொல்லி விவசாயிகளுக்கே கொடுத்தார்கள். வயலில் கொட்டினார்கள், நம்பி! 2003இல் பிபிசி வானொலி அதைச் சோதிக்க வைத்தது. காரீயமும் காட்மியமும் இருந்தன!

2002 ஏப்ரல் 22இல் தொடங்கிய போராட்டத்தின் முகம் யார் தெரியுமா? பள்ளிக்கூடமே போகாத, தமிழ் பேசும் எரவாளர் பழங்குடிப் பெண் மயிலம்மா! 2004 ஜனவரியில் அந்தக் குக்கிராமத்தில் உலகத் தண்ணீர் மாநாடே நடந்தது. மார்ச்சில் ஆலை நின்றது. மயிலம்மா 2007இல் காலமானார். புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டிய சரத்சந்திரன் 2010இல் ரயிலிலிருந்து விழுந்து இறந்தார். ஒரே ரோட்டில், வருடக்கணக்கில், அந்தக் கேமரா அகலாமல் நின்றதே, என்னைக் கேட்டால் அதுதான் பெரிய அதிசயம்.

ஊருக்கு 216 கோடி ரூபாய் இழப்பு என்று 2010இல் கேரள அரசின் குழுவே கணக்கிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதாவை 2011இல் சட்டமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை.