மஞ்சள் கடுதாசியும் மாதப் பென்ஷனும்

பழனி மலையில் குறிஞ்சி பூப்பது பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. 1994-இல் பூத்தது, 2006-இல் பூத்தது, 2018-இல் கொடைக்கானல் சரிவுகள் மறுபடியும் நீலம் போர்த்துக்கொண்டன. கொடைக்கானலுக்கு விமானம் போவதில்லை அல்லவா? தூரத்து ஊர்க்காரர்கள் மதுரையில் விமானத்தை விட்டு இறங்கி, வத்தலக்குண்டு வழியாக மலையேறித்தான் அந்தப் பூவைப் பார்க்க வேண்டும்.

விமானத்தில் போகிறவர்களுக்கு வாசலில் கைகூப்பி வரவேற்கும் பெண்ணைத் தெரியும். கீழே பெட்டிகளை ஏற்றுகிறவரையும், இரவெல்லாம் இயந்திரத்தைச் சோதிக்கிறவரையும் தெரியாது. அவர்களுக்கும் நம்மைப் போல வாடகை உண்டு, பள்ளிக்கூடச் சம்பளம் உண்டு, பால் கணக்கு உண்டு. அவர்கள் வேலை பார்க்கும் கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால், வயதான காலத்துக்கென்று பிடித்த பணம் என்ன ஆகும்? விமானக் கம்பெனியின் கதைதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மாதச் சம்பளத்தில் நடக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

ஜெட் ஏர்வேஸ் கம்பெனி 1993-ஆம் ஆண்டு மே மாதம் பறக்கத் தொடங்கியது. 1994-இல் குறிஞ்சி பூத்தபோது அது ஒரு வயதுக் குழந்தை. 2007-இல் ஏர் சஹாரா என்ற இன்னொரு கம்பெனியையே விலைக்கு வாங்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. 2018-இல் குறிஞ்சி மறுபடி பூத்தபோதோ, சம்பளமே தள்ளித் தள்ளி வந்தது. 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குப் புறப்பட்ட விமானம்தான் கடைசி. சுமார் 20,000 பேர் வேலையின்றி நின்றார்கள். பலருக்குச் சம்பளமும் பாக்கி. அதே ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி, கடன் கொடுத்த பாங்குகளின் மனுவை ஏற்று, தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் திவால் விசாரணையைத் தொடங்கியது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். சம்பளக்காரருக்கு வரவேண்டிய முதுமைப் பணம் மூன்று பெட்டிகளில் இருக்கிறது.

முதல் பெட்டி பிராவிடண்ட் பண்டு. சம்பளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பிடிக்கிறார்கள். முதலாளியும் அதே அளவு போடவேண்டும். இரண்டாவது, பென்ஷன். முதலாளி போடும் பணத்திலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவிகித அளவு 1995-ஆம் ஆண்டுப் பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. பத்து வருஷம் உழைத்தவருக்கு 58 வயதில் மாதாமாதம் வரும். தொகை பெரிதல்ல. 2014-இல் வைத்த 15,000 ரூபாய்ச் சம்பள வரம்பின்படி, முப்பத்தைந்து வருஷம் உழைத்தாலும் மாதம் 7,500 ரூபாய்தான் கணக்கு வரும். ஆனாலும் இந்த இரண்டு பெட்டிகளின் சாவியும் பெரும்பாலான கம்பெனிகளில் முதலாளி கையில் இல்லை; சர்க்காரின் பிராவிடண்ட் பண்டு நிறுவனத்திடம் இருக்கிறது. ஒழுங்காகக் கட்டிய பணத்தைக் கம்பெனியின் கடன்காரர் தொடமுடியாது. பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால்தான் தலைவலி.

மூன்றாவது பெட்டி கிராஜுவிட்டி. கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, உழைத்த வருஷங்களால் பெருக்கவேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய். இருபது வருஷ வேலை என்றால் மூன்று லட்சம் ரூபாய். ஒரு பெண்ணின் கல்யாணச் செலவுக்குக் கை கொடுக்கும் தொகை! ஆனால் பல கம்பெனிகள் இதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்குவதில்லை. கணக்குப் புத்தகத்தில் எழுதிவைப்பதோடு சரி. கஜானா காலியானால் எழுத்து மட்டும் மிஞ்சும்.

2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டம் இதற்கு ஒரு வேலி போட்டிருக்கிறது. பிராவிடண்ட் பண்டு, பென்ஷன் பண்டு, கிராஜுவிட்டி பண்டு ஆகியவற்றிலிருந்து ஊழியருக்கு வரவேண்டியது கடன்காரருக்குப் பங்கிடும் சொத்தில் சேராது. சம்பள பாக்கிக்கோ வரிசை உண்டு. வழக்குச் செலவு போக, தொழிலாளரின் 24 மாத பாக்கி, ஈடு பெற்றுக் கடன் கொடுத்தவர்களோடு சமமாக நிற்கும். தொழிலாளர் என்ற கணக்கில் வராத மற்ற ஊழியர்களின் 12 மாத பாக்கி அதற்கு அடுத்த படி.

ஜெட் ஏர்வேஸை எடுத்து நடத்த ஜலான்–கால்ராக் கூட்டணி முன்வந்தது. அதன் திட்டத்துக்கு 2021 ஜூனில் அனுமதியும் கிடைத்தது. ஆனால் ஊழியர்களுக்கு அதில் ஒதுக்கியது சொற்பம். சங்கங்கள் சும்மா இருக்கவில்லை, மேல்முறையீடு செய்தன. பிராவிடண்ட் பண்டு, கிராஜுவிட்டி பாக்கியை முழுதாகக் கொடுக்கவேண்டும் என்று 2022 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொல்லிற்று. 2023 ஜனவரி 30-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது.

அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். எங்கே? கூட்டணி திட்டத்தை நிறைவேற்றவே இல்லை. 2024 நவம்பர் 7-ஆம் தேதி, கம்பெனியைக் கலைத்துச் சொத்துக்களை விற்கும்படி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. விமானம் நின்று ஐந்தரை வருஷம் ஆகியிருந்தது! நியாயம் கிடைத்தது, கைக்குப் பணம் வருவது வேறு கதை. அந்த ஐந்தரை வருஷம் எத்தனை வீட்டில் நகை அடகுக்குப் போயிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்கிறது என்கிறீர்களா? அங்கே பென்ஷனைக் கம்பெனிகளே பொறுப்பேற்று நடத்துவதுண்டு. 2002 டிசம்பரில் யுனைடெட் ஏர்லைன்ஸ் திவால் மனுப் போட்டது. 2005-இல் கோர்ட் அனுமதியோடு பென்ஷன் பொறுப்பைக் கைகழுவிவிட்டது. ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருக்கு மேல் பாதிப்பு. 1974-இல் ஏற்பட்ட சர்க்கார் காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்டதால் பென்ஷன் அடியோடு போகவில்லை. ஆனால் அந்தக் காப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. பலருக்கு வாக்களித்ததைவிடக் குறைவாகத்தான் வந்தது. அந்தக் கம்பெனியோ இன்றும் பறக்கிறது!

ஆகவே, சகோதரிகளே, வீட்டில் சம்பாதிப்பவர் அவரானாலும் சரி, நீங்களேயானாலும் சரி, மூன்று காரியங்களைத் தள்ளிப்போடாதீர்கள். பிராவிடண்ட் பண்டு கணக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று பாஸ் புத்தகத்தைப் பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்ததும் அதில் ஏறியதும் ஒத்துப்போகவேண்டும். இரண்டாவது, வாரிசு நியமனம். கல்யாணத்துக்கு முன் எழுதிய பெயர் கல்யாணத்துக்குப் பின் செல்லாது, புதிதாக எழுதவேண்டும். மூன்றாவது, வேலையில் சேர்ந்த உத்தரவு, சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் பத்திரப்படுத்துங்கள். கம்பெனி கலைந்த பிறகு, இத்தனை வருஷம் உழைத்தேன் என்பதற்கு அந்தக் காகிதம்தான் சாட்சி.

இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் பாஸ் புத்தகத்தில் பணம் ஏறவில்லையா? மூன்றாவது மாதம்வரை காத்திராதீர்கள். பிராவிடண்ட் பண்டு ஆபீசில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். கஜானாவில் பணம் இருக்கும்போது கேட்டால்தானே கிடைக்கும்!