பழைய மோட்டார் வண்டியின் முகப்புப் பலகையும் அதன் மின்கம்பிகளும்

உத்தரபாராத் தொழிற்சாலையில் அம்பாசிடர் மோட்டார் வண்டிகளின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றுபோயிற்று. இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை ஒட்டி 1950-களின் பிற்பகுதியில் நம் நாட்டில் தோன்றிய அவ்வண்டி, அரை நூற்றாண்டுக்கு மேலாக மந்திரிகளையும் மருத்துவர்களையும் மணமக்களையும் சுமந்து திரிந்தது. இன்று அதனை வைத்திருப்போர் பெரும்பாலும் அதனிடத்துக் கொண்ட பற்றினாலேயே வைத்திருக்கின்றனர். அவர்களுள் அநேகர், வண்டியின் உருவத்தை மாற்றாமல், ஓட்டுநரின் கண்முன் உள்ள முகப்புப் பலகையை மட்டும் புதுப்பிக்க விரும்புகின்றனர். வெப்பமானி ஒன்று, வோல்ட்மானி ஒன்று, இரவில் தெளிவாக ஒளிரும் வேகமானி ஒன்று, கைப்பேசிக்கு மின்சாரம் ஊட்டும் துளை ஒன்று. இவ்வளவே அவர்கள் வேண்டுவது. மானிகளைக் கடையில் வாங்கிவிடலாம். ஆனால் அவற்றைப் பழைய வண்டியோடு இணைக்கும் கம்பிகளும் முனைகளும் ஒருசேர எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. தேடியோ செய்தோதான் கொள்ளவேண்டும். அதனை எவ்வாறு செய்வது என்பதையும், அவ்வேலையில் நெருப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் ஈண்டுக் கூற முற்படுகின்றோம்.

பலகையின் திருகுகளைக் கழற்றி அதனை முன்னே சாய்த்துப் பார்ப்பவர் முதலில் மலைத்துப்போவர். துணிநாடா சுற்றிய கட்டொன்று எஞ்சின் பக்கத்துத் தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து, மரக்கிளை போலப் பிரிந்து, ஒவ்வொரு மானியையும் சுவிட்சையும் சென்றடைகிறது. பார்க்குமிடத்துக் குழப்பமாகத் தோன்றினும் அதற்கு ஓர் இலக்கணம் உண்டு. பிரிட்டிஷ் வண்டிகளுக்கு லூகாஸ் கம்பெனியார் வகுத்த நிறமுறை அது. பழுப்பு நிறம் பாட்டரியிலிருந்து பியூஸ் இல்லாமல் நேரே வருவது. வெள்ளை, சாவியைத் திருப்பியபின் உயிர்பெறுவது. பச்சை, சாவியையும் பியூஸையும் கடந்து வருவது. ஊதா, பியூஸைக் கடந்து எப்போதும் உயிரோடிருப்பது. நீலம் முன்விளக்குகளுக்கும், சிவப்பு பக்கவிளக்குகளுக்கும் பலகை விளக்குகளுக்கும், கறுப்பு எர்த்துக்கும் உரியவை. ஒரு நிறத்தின்மேல் மற்றொரு நிறக் கோடு ஓடினால் அது அக்குடும்பத்தின் கிளையென்று அறியவேண்டும். நீலத்தில் வெள்ளைக் கோடு தூரவிளக்கு. நீலத்தில் சிவப்புக் கோடு தாழ்விளக்கு. பச்சையில் கறுப்புக் கோடு பெட்ரோல் தொட்டியிலிருந்து மானிக்கு வருவது.

இம்முறையைப் பாராட்டாது, கைக்குக் கிடைத்த ஒரே நிறக் கம்பியால் எல்லாவற்றையும் கட்டிவிடுவோர் உளர். சிவப்புக் கம்பிகளே இருபதுக்கு மேல் ஓடிய ஒரு பலகையை நாம் கண்டதுண்டு. கட்டியவருக்கு அன்று எல்லாம் நினைவில் இருந்திருக்கும். ஆனால் நள்ளிரவில் திண்டிவனத்துக்கு அப்பால் வண்டி நின்றுவிட்டால், டார்ச் விளக்கோடு வருகின்ற எலக்ட்ரீஷியன் எதனை நம்பித் தேடுவார்? ஆதலின் புதிய கம்பியும் பழைய நிறத்திலேயே இருக்கவேண்டும் என்பது எமது உறுதியான கருத்து. கோடிட்ட கம்பி கிடையாவிடில், அடிப்படை நிறத்தில் வாங்கி, இருமுனையிலும் கோட்டின் நிறத்தில் சிறு காப்புக்குழல் மாட்டிக்கொள்வது போதும்.

நிறத்துக்கு அடுத்தது கனம். வகுப்பில் ஓம் விதியைக் கற்கும் மாணவர்களுக்கு இங்கே அது கண்கூடாக விளங்கும். பழைய வண்டிக் கம்பிகள் மெல்லிய இழைகள் பல சேர்ந்தவை; ஓரிழையின் குறுக்களவு 0.012 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். இழைகளின் எண்ணிக்கையே கம்பியின் பெயர். 14 இழைக் கம்பியின் செப்புப் பரப்பு சுமார் 1 சதுர மில்லிமீட்டர். அது 8 ஆம்பியருக்குச் சற்று மேலாகத் தாங்கும். 28 இழை 17 ஆம்பியரும், 44 இழை 27 ஆம்பியரும் தாங்குவன. 60 வாட் முன்விளக்கு இரண்டு எரிந்தால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடுகிறது. அதனை 5 மீட்டர் நீளமுள்ள 14 இழைக் கம்பியில் செலுத்தினால், வழியிலேயே ஏறக்குறைய 0.87 வோல்ட் வீணாகும். 28 இழையானால் அதிற் பாதி. விளக்கின் ஒளியோ அழுத்தம் குறைவதைக் காட்டிலும் வேகமாகக் குறைவது. அம்பாசிடரின் விளக்கு மங்கல் என்று பழிப்போர், பல சமயம் விளக்கைப் பழிக்கவில்லை. கம்பியையும் சுவிட்சையுமே பழிக்கின்றனர்.

இதற்குப் பரிகாரம் ரிலே என்னும் சிறு பெட்டி. முன்விளக்குக்குரிய 10 ஆம்பியரைப் பலகைச் சுவிட்சு வரை இழுத்து வந்து திருப்பி அனுப்பாமல், எஞ்சினுக்கு அருகிலேயே பாட்டரியிலிருந்து விளக்குக்கு நேரே கொடுத்துவிட்டு, ரிலேயின் சுருளை இயக்கும் சொற்ப மின்னோட்டத்தை மாத்திரம் சுவிட்சின் வழியே அனுப்பலாம். அறுபது வருஷத்துச் சுவிட்சும் அதனாற் பிழைக்கும். பலகையைப் புதுப்பிக்கும் வேலையில் கண்ணுக்குத் தெரியாத இச்சீர்திருத்தமே முதலிடம் பெறத்தக்கது.

இனி நெருப்பைப்பற்றிக் கூறுவோம். 1950-களின் பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் இரண்டே பியூஸ்கள் இருந்தன. முன்விளக்கும் எஞ்சினின் பொறிச்சுற்றும் பியூஸ் இன்றியே ஓடின. பழுப்புக் கம்பியின் உறை தேய்ந்து எங்கேனும் தகட்டைத் தொட்டால், அதனை நிறுத்தப் பாட்டரியின் முனையைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. புதிதாக எடுக்கும் ஒவ்வொரு கிளைக்கும் தனிப் பியூஸ் வைக்கவேண்டுவது இக்காரணத்தாலேயே. இதில் ஒரு மயக்கத்துக்கும் இடமுண்டு. லூகாஸின் பழைய கண்ணாடிப் பியூஸில் 35 என்று எழுதியிருக்கும். அது உருகிப்போகும் அளவு; இடைவிடாது தாங்கும் அளவு ஏறத்தாழ 17 ஆம்பியரே. இக்காலத்துத் தகட்டுப் பியூஸிலோ எழுதியிருப்பது தாங்கும் அளவு. 35 என்று கண்டு, அதே எண்ணுள்ள புதுப் பியூஸை வாங்கிப் பொருத்தினால், பாதுகாப்பு பாதியாய்க் குறைந்துபோகும். பியூஸுக்கு முன் கம்பி உருகும் நிலையை நாமே உண்டாக்கியவராவோம். அங்கே 15 ஆம்பியர் தகட்டுப் பியூஸே பொருத்தமானது.

ஆம்பியர்மானியைப்பற்றியும் இங்கே சொல்லவேண்டும். டைனமோ 20 ஆம்பியரளவு தந்த காலத்தில், பாட்டரிக்குச் செல்வதும் அதிலிருந்து வருவதும் ஆகிய மின்னோட்டம் முழுவதும் பலகையிலுள்ள அம்மானியின் ஊடே சென்றதால் கெடுதியில்லை. இன்று அநேக வண்டிகளில் டைனமோவை நீக்கி 45 ஆம்பியரோ அதற்கு மேலோ தரும் ஆல்டர்னேட்டரைப் பூட்டிவிடுகின்றனர். மானியும் கம்பியும் பழையனவே! பாட்டரி இறங்கியிருக்கும் காலையில், 30 ஆம்பியருக்கென்று செய்த மானியினுள் அதனை மிஞ்சிய ஓட்டம் பாய்கிறது. அதன் பின்புறத் திருகுமுனைகள் சூடேறித் தளர்கின்றன. தளர்ந்த முனை மேலும் சூடேறுகிறது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டிக்கு வோல்ட்மானியே தக்கது. எஞ்சின் நிற்கையில் 12.6 வோல்ட்டும், ஓடுகையில் 14 வோல்ட்டளவும் காட்டினால் எல்லாம் நலமென்று கொள்ளலாம். அம்மானிக்கு வேண்டிய ஓட்டம் மிகச் சொற்பமாதலால் மெல்லிய கம்பியே போதும். ஆம்பியர்மானிக்கு வந்த தடித்த கம்பிகளை எஞ்சின் பக்கத்திலேயே, ஆல்டர்னேட்டரின் அளவுக்கேற்ற புதிய தடித்த கம்பியால் நேரே இணைத்துவிடவேண்டும்.

மின்னேற்றம் நின்றதைத் தெரிவிக்கும் சிவப்பு விளக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. அச்சிறு பல்பின் வழியே செல்லும் ஓட்டமே பல ஆல்டர்னேட்டர்களை முதலில் எழுப்பிவிடுகிறது. 2.2 வாட் பல்பை எடுத்துவிட்டு அழகுக்காக எல்.இ.டி. வைத்தால், அந்த ஓட்டம் போதாமையால் ஆல்டர்னேட்டர் உறங்கிக் கிடக்கும். பழைய பல்பையே விட்டுவைத்தல் உத்தமம். எல்.இ.டி. வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்போர், அதற்கு இணையாக 68 ஓம், 5 வாட் தடையொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பொருள்களைத் தேடும் விஷயத்துக்கு வருவோம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய உதிரிப்பாகங்களும், புதுப்பேட்டையில் பிரித்தெடுத்த வண்டிகளின் பாகங்களும் கிடைக்கும். கல்கத்தாவின் மல்லிக் பஜாரும் டில்லியின் காஷ்மீரி கேட்டும் இவ்வகையில் பெயர்பெற்றவை. புதுமானியின் பின்னாலுள்ள பல்முனைச் சொருகிக்கு ஜோடி தேடுவோர் புதுப்பேட்டையை நாடுவது நன்று. சொருகியை மட்டும் பிடுங்கித் தரச் சொல்லாமல், ஒரு சாண் நீளக் கம்பியோடு வெட்டித் தரச் சொல்லவேண்டும். அப்போதுதான் இணைப்பதற்கு இடமிருக்கும். முனைகளின் பிடிப்பும் குலையாது. வெயிலில் கிடந்து நொறுங்கும் பிளாஸ்டிக்கை விலை மலிவென்று வாங்கலாகாது.

கம்பி வாங்கும்போது கண் வேண்டும். வீட்டுச் சுவரில் ஓடும் கம்பி அதிரும் வண்டிக்கு உதவாது. இழைகள் பலவுடைய வண்டிக் கம்பியே வேண்டும். இக்காலத்தில் அலுமினியத்தின்மேல் செப்புப் பூச்சிட்ட கம்பியும் அங்காடியில் உலவுகின்றது. ஓரிழையைக் கத்திமுனையால் சுரண்டினால் உண்மை வெளிப்படும். வெளியே செம்மையும் உள்ளே வெண்மையுமாயின் அது அலுமினியம், தள்ளிவிடுக. வெளியே வெண்மையும் உள்ளே செம்மையுமாயின் ஈயம் பூசிய செம்பு, அது மேலானது.

பழைய கட்டை வெட்டலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. கம்பியொன்றை விரலால் மெல்ல வளைத்துப் பார்க்க. உறை வெடித்து உதிர்ந்தால் முழுக்கட்டையும் புதிதாகச் செய்வதன்றி வேறு வழியில்லை. உறை இளகிய தன்மையோடு இருந்தால், பழைய கட்டைத் தொடவே வேண்டா. அதன் முனைகளுக்கும் புதுமானிகளுக்கும் நடுவே ஓர் இடைக்கட்டுச் செய்துகொள்ளலாம். அதன் ஒருபுறம் பழைய பித்தளைப் புல்லட் முனைகளுக்குப் பொருந்தும் குழல்கள். மறுபுறம் புதுமானியின் சொருகி. பிற்காலத்தில் ஒருவர் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர விரும்பினால், இடைக்கட்டைக் கழற்றிவிட்டால் போதும். எமக்கு இம்முறையே பிரியமானது.

முழுக்கட்டும் செய்ய நேர்ந்தால், பழையதை ஒரு நீண்ட பலகையின்மேல் கிடத்தி, கிளை பிரியுமிடந்தோறும் ஆணி அடித்துக்கொள்ளவேண்டும். அவ்வாணிகளே புதியதற்கு அச்சு. ஒவ்வொரு முனையிலும் எண்ணிட்ட சீட்டைக் கட்டியபின்னரே பழையதை எடுத்தல் வேண்டும். புதிய கம்பிகளை ஆணிகளின் ஊடே ஓடவிட்டு, பசையில்லாத நாடாவைப் பாதி மேற்படிந்து வருமாறு சுற்றிவரலாம். பசையுள்ள நாடா நம் வெயிலில் இளகி வழிந்து கைக்கெல்லாம் ஒட்டும். முனைத்தகடுகளை உரிய குறட்டால் அழுத்திப் பிடிப்பிக்கவேண்டும். சாதாரணக் குறட்டால் நசுக்கியது நாளடைவில் கழன்றுவரும். ஈயம் ஊற்றிப் பற்றவைப்பதே உறுதியென்பார் பலர். ஈயம் இழைகளுக்குள் ஏறிக் கம்பியை விறைக்கச் செய்வதால், அவ்விறைப்பு முடியுமிடத்தில் அதிர்ச்சியினால் இழைகள் அறுவதுண்டு. பற்றவைத்தே தீரவேண்டுமாயின், அவ்விடத்தைக் காப்புக்குழலால் தாங்கி அசையாமற் கட்டுக. தகட்டைக் கடக்குமிடத்தில் ரப்பர் வளையம் மறவாதிருப்பது அவசியம்.

பொருத்துமுன் எந்த முனை எர்த்து என்று பார்த்துக்கொள்ளவேண்டும். 1950-களின் பிரிட்டிஷ் வண்டிகளில் பாட்டரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருந்தது. பின்னரே எதிர்முனை வழக்கமாயிற்று. பழைய பல்புக்கு இதனால் வேறுபாடில்லை. மின்னணு மானியோ ஒரு நொடியில் பாழாகும். எர்த்துக்குப் பலகையின் துருப்பிடித்த திருகை நம்பாமல், மானிகள் யாவற்றுக்கும் பொதுவான கறுப்புக் கம்பியொன்றைச் சுரண்டிச் சுத்தம் செய்த உடற்தகட்டுக்குக் கொண்டுசெல்க. ஒரு விளக்கைப் போட்டால் மற்றொரு மானியின் முள் ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் எர்த்தே.

முதன்முறை மின்சாரம் கொடுக்கையில், பாட்டரியின் முனைக்கும் வண்டியின் தடித்த கம்பிக்கும் இடையே 21 வாட் பிரேக் பல்பு ஒன்றை வரிசையாக இணைத்துக்கொள்க. எல்லாச் சுவிட்சுகளும் அணைந்திருக்க அப்பல்பு பிரகாசமாக எரிந்தால், எங்கோ கம்பி தகட்டைத் தொடுகிறதென்று பொருள். எவ்விடத்தில் கோளாறு இருப்பினும், ஓடுவது இரண்டு ஆம்பியருக்கும் குறைவேயாதலின் ஒன்றும் தீயாது; நிதானமாகத் தேடலாம். பல்பு எரியாதிருந்தால் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, பின்பு பல்பை நீக்கி நேரே இணைத்து, முன்விளக்கு எரியும்போது பாட்டரியிலும் விளக்கின் முனையிலும் வோல்ட்டை அளந்து இரண்டையும் குறித்துக்கொள்க. அரை வோல்ட்டுக்கு மேல் வேற்றுமை இருந்தால் ஏதோ ஒரு முனை சரியாகப் பிடிக்கவில்லை.

கடைசியாக, கட்டிய கம்பிகளின் படத்தை நிறப்பெயர்களோடும் பியூஸ் அளவுகளோடும் ஒரு தாளில் வரைந்து, தேதியிட்டு, மடித்து, வண்டியின் கையறைப் பெட்டிக்குள் வைத்துவிடவேண்டும்.